அரிசி ஆலைக்கு ஓர் ஆங்கிலச் சொற்பட்டியல்

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே உள்ள ஓர் அரிசி ஆலையில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா பக்கம் புழுங்கல் அரிசி அனுப்பும் ஆலை. வகுப்புக்கு வருபவர்கள் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர், சாம்பிள் எடுக்கும் பையன்கள், ஏற்றுமதிக் கணக்கு எழுதும் பெண்கள், லோடு அனுப்பும் ஓர் அண்ணன். எல்லாருக்கும் பள்ளிக்கூட ஆங்கிலம் உண்டு. வாங்குபவர் அனுப்பும் மின்னஞ்சலில் பாதி புரிந்துவிடும். புரியாத பாதியில்தான் பணம் இருக்கும். அந்தப் பாதிக்கான சொற்பட்டியல் இப்போதுதான் ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது. நர்சுகளுக்கோ வங்கி ஊழியர்களுக்கோ வகுப்பு எடுப்பவர்களுக்கும் இந்த வழி உதவலாம் என்பதால், செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

முதலில் ரெடிமேட் பட்டியல் தேடினேன். பொதுவான ஆங்கிலத்துக்குக் குறையே இல்லை. மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட ஜெனரல் சர்வீஸ் லிஸ்டில் சுமார் 2,000 சொற்கள். அதைப் புதுப்பித்து 2013இல் வந்த நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்டில் சுமார் 2,800. கல்லூரிப் பாடநூல்களைப் படிக்க வேண்டியவர்களுக்கு ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த அகாடமிக் வேர்ட் லிஸ்ட், 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்). வணிகத்துக்கு பிசினஸ் சர்வீஸ் லிஸ்ட், சுமார் 1,700. மருத்துவத் துறைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்: ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எடுத்த 623 சொற்குடும்பங்களின் பட்டியல் 2008இலேயே வந்துவிட்டது, மருத்துவப் பணியாளர்களுக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு இருப்பதால் பயிற்சிப் புத்தகங்களுக்கும் பஞ்சமில்லை. கப்பல்காரர்களுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பே 2001இல் ஏற்ற நிலையான சொற்றொடர்த் தொகுப்பு இருக்கிறது. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் யாராவது மாலுமிகளுக்கு வகுப்பு எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

அரிசிக்கு அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. சரி, இருப்பதை வைத்து ஓட்டலாம் என்று பிசினஸ் சர்வீஸ் லிஸ்டை அச்செடுத்து, ஆலையின் பழைய ஒப்பந்தம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டிலும் இருக்கும் சொற்களுக்கு மஞ்சள் மார்க்கர் போட்டேன். பக்கம் நன்றாகத்தான் மஞ்சளானது. ஆனால் மஞ்சள் ஆனதெல்லாம் பேமென்ட், இன்வாய்ஸ், ஷிப்மென்ட் வகையறா. கணக்கு எழுதும் பெண் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதெல்லாம் நாங்க தினமும் டைப் அடிக்கிறதுதானே" என்றார். மஞ்சள் படாமல் நின்ற வரிகளைக் காட்டி இவை தெரியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து அரிசித் துறையின் சொந்த அகராதிகளுக்குப் போனேன். மூன்று இடங்கள் உருப்படியாகக் கிடைத்தன. ஒன்று, பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இணையப் பக்கங்கள். இரண்டு, உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் அரிசித் தரம்; அதன் எண் 198, ஆண்டு 1995. மூன்று, அமெரிக்க வேளாண் துறையின் அரிசித் தரநிலைகள். மூன்றையும் ஒரே எக்செல் தாளில் கொட்டி அகரவரிசைப்படுத்தினேன். தாள் பார்க்கக் கனமாக இருந்தது. வகுப்புக்குக் கொண்டுபோனதும் குழப்பம் ஆரம்பித்தது.

உடைந்த அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குருணை, நொய் என்றால் முடிந்தது. கோடெக்ஸ் அதை 'லார்ஜ் புரோக்கன்', 'மீடியம் புரோக்கன்', 'ஸ்மால் புரோக்கன்', 'சிப்' என்று நான்காகப் பிரிக்கிறது. அமெரிக்கக் கணக்கில் 'செகண்ட் ஹெட்', 'ஸ்கிரீனிங்ஸ்', 'புரூவர்ஸ்' என்று வேறு பெயர்கள், வேறு பிரிவினை. என் தாளில் ஏழும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏழு வகைக் குருணை இருப்பதுபோல நின்றன. நெல்லுக்கும் அப்படித்தான்: ஒரு பக்கம் 'பாடி', இன்னொரு பக்கம் 'ரஃப் ரைஸ்'. மேற்பார்வையாளர் அண்ணன் முப்பது வருஷமாக அரிசியில் கை வைத்தவர். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல நம்ம பார்ட்டி பேசறது எது டீச்சர்? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

வேலை திரும்பியது அந்தக் கேள்வியில்தான். இந்த ஆலையின் வாங்குபவர்கள் யாரும் அமெரிக்கச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அந்தப் பகுதியை முழுவதுமாக வெட்டி எறிந்தேன். மிச்சத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் 'இது யாருடைய காகிதத்தில் வந்தது' என்று ஒரு கட்டம் போட்டேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சொல்லுக்குப் பட்டியலில் இடமில்லை. இப்படிப் பார்த்தபோது பாதித் தாள் காலி. அப்படியானால் காகிதத்திலிருந்துதானே ஆரம்பிக்க வேண்டும்?

காகிதம் கேட்டதும் முதலாளி தயங்கினார். நியாயம்தான்; விலை, வாங்குபவர் பெயர், வங்கி விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கணக்குப் பெண்கள் நகல் எடுத்து, பெயர், விலை, கணக்கு எண் மூன்றையும் கறுப்பு மார்க்கரால் அடித்த பிறகே என் கைக்கு வரும்; ஆலையை விட்டு எதுவும் வெளியே போகாது; பட்டியல் முடிந்ததும் நகல்களைக் கிழித்துவிட வேண்டும். மார்க்கர் அடித்தால் பின்பக்கம் ஊறித் தெரிகிறது என்பதால், அடித்த தாளை மறுபடி ஒருமுறை நகலெடுத்தோம். செலவு இரட்டிப்பு. ஆனாலும் அதை விடக்கூடாது.

ஒப்பந்தங்கள், ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டியே தரும் விலைப்பட்டியல்), எல்.சி. (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) நகல்கள், ஆய்வு நிறுவனச் சான்றிதழ்கள், புகையூட்டல் சான்றிதழ், ஃபைட்டோசானிட்டரி (பூச்சி, பயிர்நோய் இல்லை என்னும்) சான்றிதழ், புகார் மின்னஞ்சல்கள், அவற்றுக்குப் போன பதில்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 40,000 சொற்கள் தேறின. மொழியியல்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். காக்ஸ்ஹெட் தன் பட்டியலுக்கு 35 லட்சம் சொற்களை அலசியவர். ஆனால் ஓர் ஆலை திரும்பத் திரும்பப் பேசுவது இவ்வளவுதான்.

தாளைக் கணினி எழுத்தாக்குவதுதான் அலுப்பான கட்டம். மின்னஞ்சல்களுக்குப் பிரச்சினையில்லை, வெட்டி ஒட்டினால் போதும். சான்றிதழ்களைப் போனில் படமெடுத்து எழுத்தறியும் செயலியில் போட்டேன். '5% புரோக்கன்' என்பதில் அந்த 5ஐ அது ஆங்கில 'எஸ்' எழுத்தாகப் படித்தது. அட்டவணைகளில் மேல் வரிசைச் சொல்லும் கீழ் வரிசை எண்ணும் கலந்து வந்தன. படம் எடுக்கும்போது தாளை மேசையில் தட்டையாக வைத்து, டியூப்லைட்டின் நிழல் விழாமல், நேர் மேலிருந்து எடுத்தால் தவறு பாதியாகக் குறைகிறது. மிச்சத்தைக் கையால்தான் திருத்த வேண்டும். ஒவ்வொரு காகிதத்தையும் தனித்தனி டெக்ஸ்ட் கோப்பாக, கோப்பின் பெயரிலேயே 'எல்சி', 'புகார்', 'சான்று' என்று வகை தெரியும்படி சேமித்தேன். இந்தப் பெயரிடலைச் சோம்பல் பார்க்காமல் செய்துவிடுங்கள். ஒரு சொல் எந்த மேசைக்குச் சொந்தம் என்று பின்னால் பார்க்க இது ஒன்றுதான் வழி.

கோப்புகளை அலசுவதற்கு ஆண்ட்கான்க் என்ற மென்பொருள். ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆண்டனி எழுதியது, இலவசம், என் பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. கோப்புகளை உள்ளே போட்டால் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று வரிசை போடும். ஒரு சொல்லைத் தட்டினால், அது வரும் வரிகளையெல்லாம் அந்தச் சொல் நடுவில் நிற்கும்படி அடுக்கிக் காட்டும். சுவரில் ஒட்டிய தேர்வு முடிவில் நம் நம்பரைத் தேடுவதுபோல, நடுப்பத்தியில் கண்ணை ஓட்டினால் போதும். வாத்தியார்களுக்கு இதைவிட உபயோகமான இலவசப் பொருள் கிடையாது என்பது என் கருத்து.

முதல் வரிசையில் 'தி', 'ஆஃப்', 'பேக்ஸ்', 'எம்டி' (மெட்ரிக் டன்) என்று வந்தது. எதிர்பார்த்ததுதான். பொதுச் சொற்களைக் கழித்தால் தொழில்சொல் மிஞ்சும் என்பது புத்தகத்தில் சொல்லும் வழி. அதன்படி நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்டில் உள்ளவற்றை வடிகட்டினேன். மிஞ்சியது அழகாக இருந்தது: 'பார்பாயில்ட்' (புழுங்கல்), 'சார்டெக்ஸ்ட்' (இயந்திரத்தில் நிறம் பார்த்துப் பிரித்தது), 'அட்மிக்ஸ்சர்' (கலப்பு), 'ஃப்யூமிகேஷன்' (புகையூட்டல்), 'டெமரேஜ்' (தாமதக் கட்டணம்). இதுதான் பட்டியல் என்று அச்செடுத்துக் கொடுத்தேன். சாம்பிள் எடுக்கும் பையன்கள் ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னார்கள். ஆலையில் தினமும் காதில் விழுகிற சொற்கள்தானே. எழுத்துக் கூட்டத் திணறினார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் மின்னஞ்சல் ஏன் புரிவதில்லை? வடிகட்டியில் மேலே தங்கியதை விட்டுவிட்டு, கீழே கொட்டியதைக் கிளறிப் பார்த்தேன். பணம் அங்கே கிடந்தது.

'அபவுட்' என்ற சொல் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் வருஷத்திலேயே வந்துவிடும். எந்தத் தொழில்சொல் பட்டியலும் அதைச் சேர்க்காது. ஆனால் எல்.சி. என்பது யு.சி.பி. 600 விதிகளின்படி நடக்கும் சங்கதி. சர்வதேச வணிகச் சபை வெளியிட்டு 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது. அதன் 30ஆம் விதிப்படி, அளவுக்கு முன்னால் 'அபவுட்' அல்லது 'அப்ராக்சிமேட்லி' என்று இருந்தால் 10 சதவீதம் வரை கூடவோ குறையவோ அனுப்பலாம். அந்தச் சொல் இல்லாவிட்டால் 5 சதவீதம். அதுவும் டன் கணக்கில் எழுதியிருந்தால்தான், எல்.சி.யின் மொத்தத் தொகையைத் தாண்டாமல். இத்தனை மூட்டை என்று எண்ணிக்கையில் எழுதியிருந்தால் அந்த 5 சதவீதமும் கிடையாது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு கன்டெய்னர் விஷயம் தொங்குகிறது.

அதே விதிகளின் 3ஆம் பிரிவில் நாட்கணக்குச் சொற்கள் இருக்கின்றன. மாதத்தின் 'பிகினிங்' என்றால் 1 முதல் 10 வரை, 'மிடில்' என்றால் 11 முதல் 20 வரை, 'எண்ட்' என்றால் 21 முதல் கடைசித் தேதி வரை. 'ஃபர்ஸ்ட் ஹாஃப்' என்றால் 1 முதல் 15. 'ஆன் ஆர் அபவுட்' என்று ஒரு தேதி போட்டிருந்தால் முன்னால் ஐந்து நாள், பின்னால் ஐந்து நாள். 'ப்ராம்ப்ட்', 'இம்மீடியட்லி', 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' என்று எழுதியிருந்தால் வங்கி அதைக் கண்டுகொள்ளவே கூடாது என்கிறது விதி. லோடு அனுப்பும் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப 'மிடில்'னு போட்டிருந்தா பதினஞ்சாந் தேதிக்குள்ளன்னு நெனச்சு லாரிக்காரன விரட்டினதெல்லாம் வீணா?" என்று கேட்டார். வீணில்லை அண்ணே, சீக்கிரம் போனால் நல்லதுதான் என்று சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

தரத்தின் பக்கமும் இதே கதைதான். 'ஹெட்', 'ஹோல்', 'ஃபாரின்', 'டேமேஜ்டு', 'ஃபைனல்', 'ஃப்ரீ' எல்லாமே வடிகட்டியில் கீழே விழுந்தவை. ஒப்பந்தத்தில் தரமும் எடையும் 'ஃபைனல் அட் லோட் போர்ட்' என்று இருந்தால், ஏற்றும் துறைமுகத்தில் ஆய்வாளர் தரும் சான்றிதழே கடைசி வார்த்தை. அந்தத் தொடரைப் படிக்கத் தெரிந்திருந்தால், அங்கே இறங்கிய பிறகு வரும் புகாருக்குப் பதில் எழுதுகிற தொனியே மாறிவிடும். 'ஃப்ரீ' இன்னும் வேடிக்கை. சான்றிதழில் 'ஃப்ரீ ஃப்ரம் லைவ் வீவில்ஸ்' என்றால் உயிருள்ள வண்டு இல்லை. அரசின் ஏற்றுமதிக் கொள்கையில் 'ஃப்ரீ' என்றால் தடையின்றி அனுப்பலாம். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத பச்சரிசி 'ஃப்ரீ'யிலிருந்து 'ப்ரோஹிபிடெட்'டுக்கு (தடை) மாறியது இந்த அர்த்தத்தில்தான். அந்த நாள் ஆலைக்காரர்கள் யாருக்கும் மறக்காது என்பதால், அந்தச் சொல்லுக்கு மட்டும் நான் பாடமே நடத்த வேண்டியிருக்கவில்லை.

சொல்வள ஆய்வாளர்கள் பால் நேஷனும் டெரெசா சுங்கும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் கைகொடுத்தது. ஒரு சொல் அந்தத் துறைக்கு எவ்வளவு நெருக்கம் என்று நான்கு படிகளில் மதிப்பிடும் முறை அதில் இருக்கிறது. உடற்கூறியல் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு சொல் துறைச்சொல் என்று கண்டார்கள். சாதாரணச் சொற்களும் அந்தக் கணக்கில் அடங்கும். கோட்பாடு அவ்வளவு போதும். நான் எடுத்துக்கொண்டது அந்த நான்கு படியை மட்டும்.

வடிகட்டியை எடுத்துவிட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரும் எல்லாச் சொற்களையும் சின்ன அட்டைகளில் எழுதினேன். ஏ4 அட்டை ஒன்றை எட்டாக வெட்டினால் சரியான அளவு. ஆலையின் மேசைமேல் நான்கு குவியலுக்கு இடம் ஒதுக்கினோம். ஒன்று, எங்குமே வரும் சாதாரணச் சொல்; இரண்டு, எங்கும் வரும், ஆனால் இங்கே வேறு பொருள்; மூன்று, வணிகத்தில் எங்கும் வரும்; நான்கு, அரிசிக்கே உரியது. எந்தச் சொல் எந்தக் குவியல் என்று முடிவு செய்வது அவர்கள் வேலை, நான் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் எங்கள் வகுப்புகளிலேயே அதிகச் சத்தம் வந்த வகுப்பு. 'ட்ரான்' என்ற அட்டையைச் சாம்பிள் பையன் அரிசிக் குவியலில் போட்டான். மூட்டையிலிருந்து எடுத்த சாம்பிளைச் சான்றிதழில் அப்படித்தான் எழுதுகிறார்கள். கணக்குப் பெண் அதை எடுத்து வணிகக் குவியலுக்கு மாற்றினார். வங்கியின் மேல் எழுதும் பில்லுக்கும் அதே சொல். இரண்டு பேரும் சரி. அட்டையை இரண்டாகப் பிரதியெடுத்து இரண்டு குவியலிலும் வைத்தோம். இரண்டாவது குவியல்தான் தடிமனாக வளர்ந்தது. என் பட்டியலின் முதுகெலும்பு அதுவே.

தனிச் சொல்லோடு நிறுத்தாமல், அது வழக்கமாக வரும் தொடரையும் அட்டையின் பின்புறம் எழுதினோம். 'சப்ஜெக்ட் டு' (இதற்கு உட்பட்டு), 'அட் பையர்ஸ் ஆப்ஷன்' (வாங்குபவர் விருப்பப்படி), 'வித்அவுட் ப்ரெஜுடிஸ்' (உரிமையை விட்டுக்கொடுக்காமல்) போன்றவை தொடராகத் தெரிந்தால்தான் பயன். ஆண்ட்கான்க்கில் இரண்டு, மூன்று, நான்கு சொற்கள் சேர்ந்து வருவதை எண்ணும் வசதி உண்டு. கை வலிக்காமல் வந்துவிடும்.

அப்புறம் அரிசி அட்டைகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதிகம் சொதப்பியதும் இதுதான். கோடெக்ஸ் வரையறைகள் எல்லாம் அளவுகள். முழு அரிசியின் சராசரி நீளத்தில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் இருந்தால் 'ஹெட் ரைஸ்'. முக்காலுக்குக் கீழே, அரைக்கு மேலே 'லார்ஜ் புரோக்கன்'. அரையிலிருந்து காலுக்கு மேல் வரை 'மீடியம்'. கால் அல்லது அதற்கும் கீழே, ஆனால் 1.4 மில்லிமீட்டர் வட்டத் துளைச் சல்லடையில் விழாமல் நின்றால் 'ஸ்மால்'. விழுந்துவிட்டால் 'சிப்'. இதை வார்த்தையால் விளக்குவதைவிட அரிசியையே அட்டையில் ஒட்டிக் காட்டலாமே என்று தோன்றியது.

கறுப்புத் தட்டில் ஒரு பிடி புழுங்கலரிசியைக் கொட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியும் இடுக்கியுமாக உட்கார்ந்தோம். மேற்பார்வையாளர் அண்ணனுக்கு அளவுகோலே தேவைப்படவில்லை. இடுக்கியால் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார், "முக்கா இருக்கு" என்பார். வெர்னியரில் வைத்தால் சரியாக இருக்கும். சிக்கல் 'சாக்கி'யில் வந்தது. வயிற்றில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தாலே இங்கே அதைத் தனியாகத் தள்ளுவார்கள். கோடெக்ஸ் கணக்கில் பரப்பில் முக்கால் பங்காவது மாவுபோல வெளுத்திருந்தால்தான் 'சாக்கி'. அதற்காகத் தட்டில் பச்சரிசியையும் கொட்டிப் பிரித்துப் பார்த்தோம்; அவர் தள்ளியதில் பாதிக்கு மேல் நல்ல அரிசிப் பக்கம் திரும்பியது. 'பெக்' என்பதற்கு அகராதியில் பறவை கொத்துவது என்று இருக்கும். புழுங்கலரிசியில் கால் பங்குக்கு மேல் கரும்பழுப்போ கறுப்போ ஏறிய மணிக்கு அந்தப் பெயர். அண்ணன் உடனே ஐந்தாறு பொறுக்கிக் கொடுத்தார். பெயர் தெரியாவிட்டால் என்ன, ஆளைத் தெரியுமே.

பிரித்த மணிகளை முதலில் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் பசையின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பச்சரிசி மணிகளில் குறுக்கே வெடிப்பு. 'ஹெட் ரைஸ்' என்று எழுதிய அட்டையில் எல்லாம் உடைந்த அரிசி மாதிரி நின்றது. ஈரம் பட்டால் காய்ந்த அரிசி வெடிக்கும் என்பது ஆலையில் துடைப்பம் பிடிப்பவருக்கும் தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லிவிட்டு ஒட்டவில்லை. அடுத்து அகலமான ஒளிபுகும் டேப்பை மேலே ஒட்டினேன். நன்றாக நின்றது, ஆனால் டேப் மினுங்குவதால் 'சாக்கி'க்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தரும் சின்ன ஜிப் கவர்களில் போட்டு அட்டையில் ஸ்டேப்ளர் அடித்தேன். கவரைத் திறந்து மணியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கலாம் என்பது எதிர்பாராத லாபம். ஒரு மழைக்காலம் கழித்து இரண்டு கவர்களுக்குள் வண்டு வைத்தது. இப்போது அரிசியைக் கவரில் போடும் முன் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்துவிடுகிறேன்.

செலவு அதிகமில்லை. நகல்கள்தான் பெரிய தொகை, ரூ.600 சொச்சம். அட்டை, ஜிப் கவர், மார்க்கர் சேர்த்து ரூ.350. உருப்பெருக்கிக் கண்ணாடி ரூ.180. தட்டு, இடுக்கி, வெர்னியர், சல்லடை எல்லாம் ஆலையில் இருந்தவை. மென்பொருளுக்கு ஒரு பைசா இல்லை. வீட்டில் படிப்பதற்கு அதே சொற்களை ஆன்கி என்ற நினைவட்டைச் செயலியில் ஏற்றிப் போனில் போட்டுக் கொடுத்தேன், ஆண்ட்ராய்டில் அதுவும் இலவசம். பெண்கள் பேருந்தில் வரும்போது தட்டிப் பார்க்கிறார்கள். அண்ணன்கள் அட்டையைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது பட்டியலில் ஏறக்குறைய 300 சொற்களும் 90 தொடர்களும் இருக்கின்றன. வேலை செய்கிறதா என்றால், எழுத்தில் செய்கிறது. போன மாதம் ஈரப்பதம் கூடுதல் என்று ஒரு புகார் வந்தது. ஒப்பந்தத்தில் 14 சதவீதம் உச்சவரம்பு; அரசு நெல் கொள்முதலில் 17 சதவீத ஈரப்பத வரம்பை வைத்து வாழ்க்கை நடத்தும் ஊரில் இந்த எண்ணைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்குப் பெண்ணும் மேற்பார்வையாளரும் உட்கார்ந்து, ஏற்றும்போது வாங்கிய சான்றிதழின் எண்ணைக் குறிப்பிட்டு, 'ஃபைனல் அட் லோட் போர்ட்' என்ற விதியை எடுத்துக்காட்டி, மரியாதையாக ஒரு பத்தி எழுதினார்கள். எனக்கு நகல் மட்டும் வந்தது. ஒரு 'தி' விட்டுப்போயிருந்தது. நான் தொடவில்லை.

பேச்சில் இன்னும் தேறவில்லை. காரணம் தெளிவு: காகிதத்திலிருந்து எடுத்த பட்டியல் காகிதத்துக்குத்தான் உதவும். வாங்குபவரின் ஆள் போனில் கூப்பிட்டு லாரி எங்கே, சாம்பிள் எப்போது கூரியரில் போட்டீர்கள் என்று கேட்டால், அந்தச் சொற்கள் இந்த 300இல் இல்லை. ஆய்வு நிறுவன ஆள் வடக்கிலிருந்து வந்து ஆலையில் நின்று பேசுவதும் வேறு ஆங்கிலம், பாதி இந்தி கலந்தது.

அடுத்த முறை மாற்றப்போவது இவை. அமெரிக்க, சர்வதேச அகராதிகளில் செலவழித்த நேரம் வேண்டாம். முதல் நாளே ஆலையின் காகிதங்களில் ஆரம்பித்து, அகராதியைச் சந்தேகம் வந்தால் மட்டும் திறப்பேன். வடிகட்டுவதற்கு முன்பே நான்கு குவியல் வகுப்பை வைத்துவிடுவேன். பட்டியலை ஒன்றாக வைக்காமல் மேசைவாரியாகப் பிரிப்பேன். சாம்பிள் பையனுக்கு யு.சி.பி. வேண்டாம், கணக்குப் பெண்ணுக்குச் சல்லடை அளவு வேண்டாம், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு 80 சொல் போதும். போன் பேச்சுக்கு, இரண்டு பக்கமும் சம்மதம் சொன்னால், சில அழைப்புகளைப் பதிவு செய்து கையால் எழுதியெடுக்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் ஆகிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன். அதை அறுவடைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் ஆலை ராத்திரி பகலாக ஓடும், தை மாசி முழுக்க வகுப்புக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.